மல்டிகிளாஸ் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள்

பகடை உருட்டி கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்த புதிதில் நான் வைத்திருந்த கேரக்டர் விசார்ட் 3, கிளெரிக் 2, அதாவது விசார்ட் என்ற கிளாஸில் (கேரக்டரின் தொழில்) மூன்று லெவல், கிளெரிக்கில் இரண்டு. இப்படி ஒரே கேரக்டருக்கு ஒன்றுக்கு மேல் கிளாஸ் சேர்ப்பதுதான் மல்டிகிளாஸ். மந்திரமும் போடலாம், காயமும் ஆற்றலாம், இரண்டு கிளாஸின் நல்லதும் ஒருவரிடமே என்று நினைத்து ஆசையாக எழுதிய தாள் அது. ஐந்தாம் லெவல் வந்த அன்று ஒரு குகையில் பக்பியர் கூட்டம் ஒன்று இரண்டு பக்கமும் வழியை அடைத்து நின்றது. எங்கள் சார்சரர் இடப்பக்கம் ஃபயர்பால் போட்டார்: 20 அடி ஆரம், சேதம் 8டி6 (ஆறு பக்கப் பகடை எட்டு), சராசரி 28. ஒரு பக்பியருக்கு ஹிட் பாயின்ட் (உயிர்க்கணக்கு) சராசரி 27, அதனால் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட காலி. அடுத்து என் முறை. என்னிடமும் மூன்றாம் நிலை ஸ்லாட் (ஸ்பெல், அதாவது மந்திரம், போடச் செலவழிப்பது) இரண்டு இருந்தது, ஆனால் அதில் போட மூன்றாம் நிலை ஸ்பெல் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நிலை ஸ்பெல்லான ஷாட்டரை உயர்த்திப் போட்டேன்: 10 அடி ஆரம், 4டி8, சராசரி 18. வலப்பக்கம் நின்றவை எல்லாம் காயத்தோடு அப்படியே நின்றன, அடுத்த முறையில் எங்கள் ரோக் கீழே விழுந்தார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். மல்டிகிளாஸ் கெட்டது இல்லை, இன்றைக்கும் இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். நான் செய்த தப்பு, இரண்டு கிளாஸிலும் என்னென்ன கிடைக்கிறது என்று கூட்டிப் பார்த்தது. கூட்டிப் பார்க்கக் கூடாது. என் முறை வரும்போது நான் செய்யப்போகிற அந்த ஒரு காரியம் எது, இந்த லெவல் அதை வலுப்படுத்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தாளில் முப்பது திறமை எழுதியிருக்கலாம், மேஜையில் உங்களுக்கு ஒரு சுற்றில் கிடைப்பது ஒரு ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன், ஒரு ரியாக்‌ஷன், அவ்வளவுதான்.

கீழே சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். 2024 புத்தகத்தில் மாறியவற்றை அங்கங்கே சொல்கிறேன். உங்கள் மேஜையில் எந்தப் புத்தகம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறைய காம்பினேஷன்கள் ஒன்றில் பிரமாதமாகவும் மற்றதில் சாதாரணமாகவும் இருக்கும். அப்புறம், 2014 புத்தகத்தில் மல்டிகிளாஸ் என்பதே டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விரும்பினால் மட்டும் வைத்துக்கொள்ளும் விதி. அவர் வேண்டாம் என்றால் அதோடு சரி.

எது சேரும், எது சேராது

பகடையில் சேர்க்கும் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் உங்கள் மொத்த லெவலைப் பொறுத்தது. மொத்தம் 5 வந்தால் +3, 9 வந்தால் +4, எந்தக் கிளாஸில் எத்தனை என்று அது பார்க்காது. கேன்ட்ரிப்களும் (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரங்கள்) அப்படித்தான், 5, 11, 17 ஆம் லெவல்களில் அவை தானாகவே வலுப்படும். மற்றபடி ஏறக்குறைய எல்லாமே அந்தந்த கிளாஸில் எத்தனை லெவல் என்பதைத்தான் பார்க்கும்.

எல்லாரும் மறப்பது ஏபிலிட்டி ஸ்கோர் (ஸ்ட்ரெங்த், விஸ்டம் மாதிரி அடிப்படை எண்கள்) உயர்வு. அது மொத்த லெவல் 4, 8 என்று வருவதில்லை, ஒவ்வொரு கிளாஸிலும் தனித்தனியாக 4 ஆம் லெவல் தொட்டால்தான் வரும். ஃபைட்டர் 3, ரோக் 3, வார்லாக் 2 என்று ஒரு கேரக்டரைக் கற்பனை செய்து பாருங்கள். மொத்தம் எட்டு லெவல், ஒரு உயர்வுகூட கிடையாது. அதே எட்டு லெவலையும் ஃபைட்டரிலேயே போட்டவருக்கு 4, 6, 8 என்று மூன்று உயர்வு கிடைத்திருக்கும். ஒவ்வொரு அடியும் படுமா படாதா என்பதையும் எவ்வளவு படும் என்பதையும் தீர்மானிக்கும் எண்ணில் அவர் உங்களைவிட இரண்டு படி மேலே போயிருப்பார், மிச்சமிருக்கும் ஒரு உயர்வில் ஒரு ஃபீட்டும் (தனிச் சிறப்புத் திறமை) எடுத்திருப்பார். அதனால்தான் எந்தக் கிளாஸையும் 3 இல் நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள் என்கிறேன், இன்னும் ஒரே ஒரு லெவலில் இருக்கும் பரிசை விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

எக்ஸ்ட்ரா அட்டாக்கும் (ஒரே முறையில் கூடுதல் அடி) சேராது. ஃபைட்டர் 5, பாலடின் 5 போட்டால் மூன்று அடி கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுதான். இரண்டாவது கிளாஸின் ஐந்தாம் லெவலில் பெரும்பகுதி வீண். மூன்றாவது அடி வேண்டுமென்றால் ஃபைட்டரிலேயே 11 வரை போக வேண்டும். பார்பேரியனுக்கும் மங்குக்கும் இருக்கிற அன்ஆர்மர்டு டிஃபென்ஸும் (கவசம் போடாதபோது கிடைக்கும் பாதுகாப்பு) இதே கதைதான்: ஒன்று ஏற்கெனவே இருந்தால் இன்னொன்று கிடைக்காது.

நுழைவதற்கே ஒரு வாசல் இருக்கிறது. புதிய கிளாஸுக்கு வேண்டிய ஸ்கோர் 13 இருக்க வேண்டும், இப்போது இருக்கும் கிளாஸுக்கு வேண்டியதும் 13 இருக்க வேண்டும். விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ், கிளெரிக்குக்கும் ட்ரூயிடுக்கும் விஸ்டம், பார்டுக்கும் சார்சரருக்கும் வார்லாக்குக்கும் கரிஸ்மா, ரோக்குக்கு டெக்ஸ்டெரிட்டி, பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த், ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி. பாலடினுக்கு ஸ்ட்ரெங்த், கரிஸ்மா இரண்டும், மங்குக்கும் ரேஞ்சருக்கும் டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் இரண்டும். இப்போது மங்க்-பாலடின் ஆசை யாருக்காவது இருந்தால் 27 பாயின்ட் முறையில் (27 பாயின்டைச் செலவழித்து ஸ்கோர்களை வாங்குவது) கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு ஸ்கோர் 13 ஆக்க 20 பாயின்ட் போய்விடும், மீதி 7 இல் கான்ஸ்டிடியூஷனை 14 ஆக்கலாம், இன்டெலிஜென்ஸ் 8. எதிலும் சிறப்பில்லாத ஒரு ஆள் கையில் வருவார். கதைக்காக ஆடலாம், சண்டையில் அந்த வித்தியாசம் ஒவ்வொரு பகடையிலும் தெரியும்.

அந்தத் தாள்

இப்போது தாளை எடுத்து 1 முதல் 12 வரை கீழே கீழே எழுதுங்கள். 20 வரை எழுத வேண்டாம், அவ்வளவு தூரம் போகும் ஆட்டம் அபூர்வம். 17 ஆம் லெவலில்தான் எல்லாம் கூடி வரும் என்று திட்டம் போட்டால் அந்த நாள் வராமலேயே ஆட்டம் முடிந்துவிடும், அதுவரை பல மாதம் நீங்கள் அரைகுறையான ஒரு கேரக்டரோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் அந்த லெவலில் எந்தக் கிளாஸ், என்ன புதிதாகக் கிடைக்கிறது, சண்டையில் என் வழக்கமான முறை எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று வரி தொடர்ந்து ‘முன்பு மாதிரியே’ என்று வந்தால் வரிசையை மாற்றுங்கள்.

ஐந்தாம் வரியைத் தனியாகப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் பெரிய தாவல் அங்கேதான் இருக்கிறது. ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், மங்க் எல்லாருக்கும் இரண்டாவது அடி அங்கே வருகிறது, முழு மந்திரக்காரர்களுக்கு மூன்றாம் நிலை ஸ்பெல் வருகிறது. டிஎம்மும் அதற்கு ஏற்ற மாதிரிதான் எதிரிகளை இறக்குவார். முக்கியமான கிளாஸில் 5 தொட்ட பிறகு கிளை பிரிவதுதான் பொதுவாக நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. விதிவிலக்கு, ஆட்டத்தின் முதல் லெவலிலேயே வேறு கிளாஸில் ஒன்று எடுத்துவிட்டுப் பிறகு முழுக்க ஒரே கிளாஸில் போவது. அது ஒரே ஒரு லெவல் தாமதம், தாங்கிக்கொள்ளலாம்.

பார்பேரியனும் ரோக்கும், எண்களோடு

எனக்குப் பிடித்த ஜோடி இது. பேரைக் கேட்டால் ஒட்டாத மாதிரி இருக்கும், ஒருவர் கத்திக்கொண்டு ஓடுகிறவர், இன்னொருவர் சத்தமில்லாமல் வருகிறவர். ஆனால் விதியைப் படியுங்கள். ரோக்கின் ஸ்னீக் அட்டாக்குக்கு (அடியோடு சேரும் கூடுதல் சேதம்) வேண்டியது ஃபினெஸ் ஆயுதம் (ரேப்பியர் மாதிரி லாவகமானது) அல்லது தூரத்திலிருந்து தாக்கும் ஆயுதம். ஃபினெஸ் ஆயுதத்தை டெக்ஸ்டெரிட்டியில்தான் வீச வேண்டும் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. ரேப்பியரை ஸ்ட்ரெங்த்தில் வீசலாம். பார்பேரியனின் இரண்டாம் லெவலில் வரும் ரெக்லஸ் அட்டாக் ஸ்ட்ரெங்த் அடிகளுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுப்பது) தருகிறது, அட்வான்டேஜ் இருந்தால் ஸ்னீக் அட்டாக் உண்டு. ஆக ஒவ்வொரு சுற்றும், பக்கத்தில் நண்பர் இல்லாவிட்டாலும், ஸ்னீக் அட்டாக்குக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது.

எட்டாம் லெவலில் பார்பேரியன் 5, ரோக் 3 என்று வைப்போம். ஸ்ட்ரெங்த் 18, ரேஜ் (பார்பேரியனின் சண்டை வெறி, அடிக்கு +2) போட்டாயிற்று. ஒரு அடி 1டி8+4+2, சராசரி 10.5. ஸ்னீக் அட்டாக் 2டி6, சராசரி 7, ஒரு முறைக்கு ஒரு தடவை. இரண்டு அடியும் பட்டால் 28. இப்போது முழு பார்பேரியன் 8 ஐப் பாருங்கள். அவருக்கு இரண்டாவது உயர்வும் வந்திருப்பதால் ஸ்ட்ரெங்த் 20, கையில் கிரேட்ஸ்வோர்டு, ஒரு அடி 2டி6+5+2, சராசரி 14. இரண்டும் பட்டால் அவருக்கும் அதே 28. சமம்தான். ஆனால் ஒரே ஒரு அடி பட்டால் அவருக்கு 14, நமக்கு 17.5. ரேப்பியர் ஒரு கை ஆயுதம் என்பதால் இன்னொரு கையில் கேடயம் பிடிக்கலாம், ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி படாமல் காக்கும் எண்) 2 கூடும். ரெக்லஸ் அட்டாக் போட்ட சுற்றில் எதிரிகளுக்கும் நம் மேல் அட்வான்டேஜ் என்பதால் அந்த 2 சும்மா இல்லை. அத்லெடிக்ஸில் எக்ஸ்பர்டைஸ் (இரட்டிப்பு ப்ரொஃபிஷியன்ஸி போனஸ்) எடுத்தால், ரேஜில் ஸ்ட்ரெங்த் செக்குக்கு அட்வான்டேஜும் இருப்பதால், நீங்கள் பிடித்த ஆளை எளிதில் யாரும் விடுவிக்க முடியாது. போனஸ் ஆக்‌ஷனில் ஓடலாம், அடி வாங்காமல் விலகலாம், இது ரோக்கின் கன்னிங் ஆக்‌ஷன். இழப்பு என்ன? அந்த உயர்வு, அதனால் ஒவ்வொரு பகடையிலும் ஒன்று குறைவு, ஹிட் பாயின்டிலும் கொஞ்சம் குறைவு. இன்னும் இரண்டு லெவலில் ரோக் 5 வந்தால் அன்கேனி டாட்ஜ் (வாங்கும் ஒரு அடியைப் பாதியாக்குவது) வரும், ரேஜின் பாதியாக்கலோடு அதுவும் சேர்ந்தால் ஒரு பெரிய அடி கால்வாசியாகிவிடும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ரேஜ் போடுவதும் போனஸ் ஆக்‌ஷன், கன்னிங் ஆக்‌ஷனும் போனஸ் ஆக்‌ஷன். முதல் சுற்றில் இரண்டில் ஒன்றுதான். எதிரி 60 அடி தள்ளி நின்றால் ஓடிப்போய் நிற்பதா, ரேஜோடு பாதி வழியில் நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். இந்த மாதிரி மோதல் எல்லா ஜோடியிலும் இருக்கும், அதைத்தான் தாளில் தேட வேண்டும். ரேஞ்சர்-ரோக் இதைவிட மோசம்: ஹன்டர்ஸ் மார்க் (இரையைக் குறிவைக்கும் ஸ்பெல்) போனஸ் ஆக்‌ஷன், அதை வேறு ஆள் மேல் மாற்றுவதும் போனஸ் ஆக்‌ஷன், இரண்டாவது கையால் அடிப்பதும், கன்னிங் ஆக்‌ஷனும் அதே. நான்கு நல்ல விஷயங்கள் ஒரே நாற்காலிக்கு வரிசையில் நிற்கும்.

மந்திரக்காரர்கள் கவனிக்க வேண்டியது

ஸ்பெல் ஸ்லாட் கணக்கு பலருக்குக் குழப்பம். பார்ட், கிளெரிக், ட்ரூயிட், சார்சரர், விசார்ட் லெவல்களை முழுசாகக் கூட்டுங்கள். பாலடின், ரேஞ்சர் லெவலில் பாதி. எல்ட்ரிச் நைட் (ஃபைட்டரின் உட்பிரிவு), ஆர்கேன் டிரிக்ஸ்டர் (ரோக்கின் உட்பிரிவு) என்றால் மூன்றில் ஒரு பங்கு. பின்னம் வந்தால் 2014 இல் கீழே விட்டுவிட வேண்டும், 2024 இல் பாலடினுக்கும் ரேஞ்சருக்கும் மேலே தள்ளிக்கொள்ளலாம். வார்லாக்கின் ஸ்லாட்டுகள் இதில் சேராது, அவை தனிக் கணக்கு, ஷார்ட் ரெஸ்டில் (சிறு ஓய்வில்) திரும்பும். ஆனால் அந்த ஸ்லாட்டில் மற்ற கிளாஸ் ஸ்பெல்லையும் போடலாம்.

ஸ்லாட் சேரும், ஸ்பெல் சேராது. எந்த நிலை ஸ்பெல் வரை தெரியும் என்பதை ஒவ்வொரு கிளாஸையும் தனியாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். குகையில் எனக்கு நடந்தது இதுதான். ஆகவே விசார்டையும் கிளெரிக்கையும் பாதிப்பாதி பிரிக்காதீர்கள். கிளெரிக் 1, மீதி எல்லாம் விசார்ட் என்று போட்டால் அது அருமையான கேரக்டர். ஸ்லாட் ஒன்றுகூடக் குறையாது. லைஃப், டெம்பஸ்ட் மாதிரி டொமைன் (கிளெரிக்கின் சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு) எடுத்தால் 2014 விதியில் முதல் லெவலிலேயே கனமான கவசம் போடும் தகுதி, கேடயம், ஹீலிங் வேர்டு. கவசத்தில் தகுதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே விசார்ட் மந்திரம் சொல்லலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. விலை, ஃபயர்பால் ஒரு லெவல் தள்ளிப்போகும். 2024 இல் எல்லா கிளாஸிலும் சப்கிளாஸ் மூன்றாம் லெவலில்தான் வருகிறது, அதனால் டொமைனுக்காக ஒரு லெவல் எடுப்பது இப்போது நடக்காது.

ஃபைட்டரில் இரண்டு லெவல் எடுத்து ஆக்‌ஷன் சர்ஜ் (அதே முறையில் இன்னொரு ஆக்‌ஷன்) வாங்கி ஒரே முறையில் இரண்டு பெரிய ஸ்பெல் போடுவது 2014 மேஜைகளில் பிரபலம். 2024 இல் ஆக்‌ஷன் சர்ஜால் கிடைக்கும் ஆக்‌ஷனில் மந்திரம் போட முடியாது. பழைய குறிப்புகளைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

முதல் லெவல் எந்தக் கிளாஸ் என்பதில் வரிசை முக்கியம். சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பப் போடும் பகடை, சுருக்கமாக சேவ்) தகுதி முதல் கிளாஸிலிருந்து மட்டும்தான் வரும். ஃபைட்டராக ஆரம்பித்தால் கான்ஸ்டிடியூஷன் சேவ் கிடைக்கும், கனமான கவசம் கிடைக்கும். பின்னால் ஃபைட்டருக்குள் நுழைந்தால் நடுத்தரக் கவசம் வரைதான், சேவ் கிடையாது. கான்ஸென்ட்ரேஷனை (நீடிக்கும் ஸ்பெல்லைக் கலையாமல் வைக்கும் கவனம்) பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கப் போகிற மந்திரக்காரருக்கு அந்த கான்ஸ்டிடியூஷன் சேவ் உயிர் மாதிரி, அடி வாங்கும் ஒவ்வொரு தடவையும் 10 அல்லது அடியில் பாதி, எது பெரிதோ அதற்கு எதிராகப் பகடை போட வேண்டும். ரோக்காக ஆரம்பித்தால் நான்கு ஸ்கில், பின்னால் நுழைந்தால் ஒன்றுதான்.

கரிஸ்மா குடும்பம்

பாலடின், சார்சரர், வார்லாக், பார்ட் நான்கும் கரிஸ்மாவை வைத்து மந்திரம் போடுபவை, அதனால் ஒரே ஸ்கோரை உயர்த்தினால் இரண்டு பக்கமும் பலன். மல்டிகிளாஸ் புதிதாக முயல்கிறவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன்.

பாலடின் 6 வரை போங்கள், நடுவில் எங்கும் திரும்ப வேண்டாம். ஆறாம் லெவலில் வரும் ஆரா ஆஃப் ப்ரொடெக்‌ஷன் உங்களுக்கும் 10 அடிக்குள் நிற்கும் நண்பர்களுக்கும் எல்லா சேவிங் த்ரோவிலும் உங்கள் கரிஸ்மா போனஸைச் சேர்க்கிறது. முழு மேஜையும் உங்களுக்கு நன்றி சொல்லும் திறமை அது. அதற்குப் பிறகு சார்சரர் 4 எடுத்தால் மொத்தம் பத்தில் ஸ்லாட் நிலவரம் 4, 3, 3, 1. முழு பாலடின் 10 க்கு 4, 3, 2 மட்டும்தான். உங்களுக்கு நான்காம் நிலை ஸ்பெல் எதுவும் தெரியாது, ஆனால் அந்த ஸ்லாட்டை பாலடினின் டிவைன் ஸ்மைட்டில் (அடியோடு சேரும் கூடுதல் சேதம்) எரித்தால் 5டி8, கிரிட்டிக்கல் (பகடையில் 20) விழுந்த அடியில் அது 10டி8. விதிப்படி அடி பட்ட பிறகுதான் ஸ்மைட் போடுவதா என்று முடிவெடுக்கிறீர்கள், அதனால் 20 விழும் வரை பெரிய ஸ்லாட்டைச் சேமித்து வைக்கலாம். 2024 இல் ஸ்மைட் ஒரு ஸ்பெல்லாகி போனஸ் ஆக்‌ஷனையும் கேட்கிறது, முறைக்கு ஒன்றுக்கு மேல் போட முடியாது. இன்னும் நல்ல ஜோடிதான், முன்பு போல் அள்ளிக்கொட்டாது. ஒரு கையில் வாள், இன்னொன்றில் கேடயம் என்றால் ஷீல்டு மாதிரி சார்சரர் ஸ்பெல்லுக்குக் கை காலியாக இருக்காது, கை காலியில்லாமலும் மந்திரம் போட விடும் வார் காஸ்டர் ஃபீட்டுக்குத் தாளில் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

வார்லாக் 2, சார்சரர் 3 இன்னொரு விதம். ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் இல்லை, அப்படியானால் நான் மேலே சொன்னதற்கு எதிராக இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆனால் வார்லாக்கின் எல்ட்ரிச் பிளாஸ்ட் ஒரு கேன்ட்ரிப், மொத்த லெவலைப் பார்த்து வளரும், ஐந்தில் இரண்டு கதிர். வார்லாக்கின் அகனைசிங் பிளாஸ்ட் திறமையை எடுத்தால் ஒவ்வொரு கதிரிலும் கரிஸ்மா போனஸ் சேரும். சார்சரரின் குவிக்கன்டு மெட்டாமேஜிக்கில் (ஸ்பெல்லை வேகமாகப் போடும் வித்தை) இரண்டு சார்சரரி பாயின்ட் செலவழித்து போனஸ் ஆக்‌ஷனில் இன்னொரு தடவை போட்டால் நான்கு கதிர், கரிஸ்மா போனஸ் +3 என்றால் கதிருக்கு சராசரி 8.5, எல்லாம் பட்டால் 34. இந்தக் கேரக்டரின் வழக்கமான முறை கேன்ட்ரிப்பில் நிற்கிறது, அதனால் கிளாஸைப் பிரித்தாலும் தேங்கவில்லை. வார்லாக் ஸ்லாட்டை சார்சரரி பாயின்டாக்கி, அதைத் திரும்ப ஸ்லாட்டாக்கி, தூங்காமலேயே ஷார்ட் ரெஸ்ட் எடுத்துக் குவித்துக்கொண்டே போகும் ஒரு வழியும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மற்றவர்கள் ஆடும் நேரத்தை அது தின்றுவிடும்.

பார்பேரியனோடு எந்த மந்திரக்காரரையும் சேர்ப்பதற்கு முன், ரேஜில் இருக்கும்போது ஸ்பெல்லும் போட முடியாது, கான்ஸென்ட்ரேஷனும் நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். மூன் ட்ரூயிட் (சண்டையில் மிருகமாக மாறும் ட்ரூயிட் சப்கிளாஸ்) மட்டும் இதில் தப்பிக்கிறார், முதலிலேயே கரடியாக மாறிவிட்டு ரேஜ் போடலாம், அந்த நேரத்தில் அவர் எப்படியும் ஸ்பெல் போடப்போவதில்லை.

தாள் எழுதி முடித்ததும் டிஎம்மிடம் காட்டுங்கள், அடுத்த லெவல் வருவதற்கு முன்பே. கதையில் உங்கள் ஃபைட்டர் யாரோடு ஒப்பந்தம் போட்டு வார்லாக் ஆகிறார் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு ஒரு காட்சி தயார் செய்வார், உங்கள் லெவல் அப் வெறும் பென்சில் வேலையாக இருக்காது. மேஜையில் இருக்கும் மற்றவர்களையும் பாருங்கள். ஏற்கெனவே ஒரு ரோக் இருக்கும் குழுவில் நீங்களும் ரோக் பக்கம் கிளை விட்டால் பூட்டு திறக்கும் வேலைக்கு இருவர் இருப்பீர்கள், அவருடைய தருணங்கள் பாதியாகும்.

கேரக்டர் தாளில் எழுதும்போது இரண்டு கிளாஸின் ஸ்பெல்களையும் கலந்து எழுதாதீர்கள். கிளெரிக் ஸ்பெல்லுக்கு சேவ் எண் விஸ்டமில் வரும், விசார்ட் ஸ்பெல்லுக்கு இன்டெலிஜென்ஸில், இரண்டும் வேறு வேறு எண். இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் அதன் சேவ் எண்ணையும் தாக்குதல் போனஸையும் எழுதுங்கள். ஹிட் டைஸையும் (ஓய்வில் ஹிட் பாயின்ட் மீட்கப் போடும் பகடைகள்) டி8 இத்தனை, டி6 இத்தனை என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள், ஷார்ட் ரெஸ்டில் எது தீர்ந்தது என்று தேட வேண்டியிருக்காது. பக்கத்தின் மேல் மூலையில் உங்கள் வழக்கமான முறையை ஒரே வரியில் எழுதுங்கள். என் பார்பேரியன்-ரோக்கின் தாளில் இருப்பது இதுதான்: ‘ரேஜ், ரெக்லஸ், இரண்டு அடி, ஸ்னீக் 2டி6 ஒரு தடவை.’